பயோடிகிரேடபிள்: மக்கும், ஆனால் எங்கே?

'பயோடிகிரேடபிள்' 1960களில் ஆங்கிலத்தில் பரவிய சொல். ஆறுகளில் நுரை பொங்கவைத்த சலவைத்தூள்களைப் பற்றிய பேச்சில் அது அதிகம் அடிபட்டது. கிரேக்க 'பயோஸ்' என்றால் உயிர். லத்தீன் 'கிராடுஸ்' என்றால் படி. உயிரிகளால் படியிறங்குவது என்பது வேர்ப்பொருள்.

தமிழில் 'உயிரிச்சிதைவுறும்' என்று எழுதுவோர் உண்டு. 'மக்கும்' போதும், துல்லியமும் அதில்தான் அதிகம். எழுத்தில் மட்கு, பேச்சில் மக்கு. (ஆளைத் திட்டும் 'மக்கு' வேறு கதை.) வெயிலில் நொறுங்கும் நைலான் வலை சிதைகிறது, துகளாகக் கடலிலேயே கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவும் நீருமாக மாற்றினால்தான் மக்கியதாகப் பொருள்.

மீன்பிடிக் கருவிக்கு அதுவும் போதாது. 'கடலில் மக்கும்' என்றே சொல்ல வேண்டும். மக்காச்சோள மாவுப்பொருளிலிருந்து வரும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக், 58 டிகிரி வெப்பமுள்ள உரக்கூடத்தில் சில மாதங்களில் மக்கிவிடும். குளிர்ந்த கடலடியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். சர்க்கரைக் கழிவுப்பாகில் பாக்டீரியா வளர்த்து எடுக்கும் பிஎச்ஏ பிளாஸ்டிக் கடல்நீரிலும் மக்கும், விலைதான் இடிக்கிறது.

வேளாண் கழிவு என்றாலே கடலில் மக்கிவிடும் என்பதும் பிழை. தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் உவர்நீரில் ஊறப்போட்டுத்தான் நார் எடுக்கிறார்கள்: நாரைப் பிணைக்கும் பசைப்பொருள் அழுகும், நார் நிற்கும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் நாரில் 40 விழுக்காட்டை ஒட்டி இருப்பதே காரணம். லிக்னின் மிகக் குறைந்த வாழைநார் சீக்கிரம் இற்றுவிடும். ஆகவே தென்னைநார் நங்கூரக் கயிற்றுக்கு. வாழைநார் விரைவில் அற்றுப்போக வேண்டிய கட்டுகளுக்கு.

உமித்தூளை, பிஎல்ஏ போன்ற பிளாஸ்டிக்கை உருக்கி அதில் கலந்து மிதவை, நண்டுக்கூட்டின் சட்டகம் போன்ற தடித்த பாகங்களை வார்க்கலாம். தங்கூசி (தூண்டிலுக்கும் வலைக்கும் ஆகும் ஒற்றை இழை) இழுக்க அது ஆகாது. இழை 0.3 மில்லிமீட்டர், சலித்த துகள் 0.1 மில்லிமீட்டர் என்றால் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் துகளே பிடித்துக்கொள்ளும்; இழுக்கும்போது இழை அங்கேதான் அறும். உமியில் ஈரம் இருந்தால் இன்னும் மோசம்: உருகும் சூட்டில் நீர் பிஎல்ஏயின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டிவிடும், வார்த்த பொருள் கையில் உடையும். அதனால் இரண்டையும் நன்கு உலர்த்திய பிறகே கலக்க வேண்டும்.

முழுக் கருவியும் மக்க வேண்டியதில்லை என்பதற்கு, அமெரிக்க மாநிலமான அலாஸ்காவில் நண்டு, மீன் பிடிக்கும் பொறிக்கூடுகளுக்கான விதி நல்ல சான்று. பெரும்பாலான கூடுகளின் பக்கச்சுவரில் குறைந்தது 18 அங்குலத் திறப்பு வேண்டும். அதைப் பதப்படுத்தாத முழுப்பருத்தி நூலால் தைக்க வேண்டும், பெரும்பாலான கூடுகளுக்கு 30 புரிக்கு மேல் கூடாது. கூடு தொலைந்தால் நூல் இற்றுத் திறப்பு விரியும், சிக்கிய நண்டு வெளியேறும். முடிச்சு இரு முனைகளில் மட்டுமே. இடையில் கண்ணிதோறும் முடிந்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற முடிச்சுகள் திறப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.