டவுன்டவுன்: சொல் வந்த வழியும் அதற்குப் பொருத்தமான தமிழும்

வட அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களின் பேச்சில் 'டவுன்டவுன்' என்ற சொல் மொழிபெயர்ப்பே தேவைப்படாமல் புழங்குகிறது. கனடாவின் டொரன்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் ஈழத்தமிழர் "டவுன்டவுனுக்குப் போறன்" என்பார். டெட்ராய்ட்டுக்கு வெளியே ட்ராய், நோவை, கேன்டன் பக்கம் குடியிருந்துகொண்டு கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் "மேட்ச் இருக்கிற அன்னைக்கு டவுன்டவுன் பக்கம் போயிடாதீங்க, பார்க்கிங் கிடைக்காது" என்பார்கள். கேட்பவருக்கும் புரிந்துவிடும், பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். எழுத உட்காரும்போதுதான் கை நிற்கிறது. நகர மையம், வணிக மையம், நகரின் மையப்பகுதி என்று ஆளுக்கொன்று எழுதலாம், அவசரத்தில் கீழ்நகரம் என்றுகூட வந்து விழும். இதில் கடைசிச் சொல் முழுக்கத் தவறு, மற்றவை பாதிதான் சரி என்பது என் கருத்து.

முதலில் பொருள். ஒரு நகரம் பிறந்த இடத்தை ஒட்டி அலுவலகங்கள், வங்கிகள், நீதிமன்றம், பெரிய கடைகள், தியேட்டர்கள் எல்லாம் நெருக்கமாக அமைந்த பகுதியை வட அமெரிக்க ஆங்கிலத்தில் டவுன்டவுன் என்கிறார்கள். பிரிட்டனில் இதே இடம் 'சிட்டி சென்டர்', ஆஸ்திரேலியாவில் 'சி.பி.டி.', அதாவது சென்ட்ரல் பிசினஸ் டிஸ்ட்ரிக்ட். அமெரிக்காவுக்குள்ளேயே சிகாகோக்காரர்கள் 'லூப்' என்பார்கள், ஃபிலடெல்ஃபியாவில் 'சென்டர் சிட்டி'.

சொல் பிறந்தது நியூயார்க்கில். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்று பெயர் வைத்துக் குடியேறியது மன்ஹாட்டன் தீவின் தென்முனையில். மூன்று பக்கமும் தண்ணீர் என்பதால் ஊர் வளர்ந்தபோது வடக்கே மட்டும்தான் வளர முடிந்தது. வசதியானவர்கள் வடக்கே புது வீடுகளுக்குக் குடிபோனார்கள், வேலையும் வியாபாரமும் பழைய தென்முனையிலேயே இருந்தன. வரைபடத்தில் தெற்கு கீழே இருப்பதால் வேலைக்குப் போவது 'டவுன் டவுன்' போவது ஆனது, வீடு திரும்புவது 'அப் டவுன்'. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இது வழக்குக்கு வந்துவிட்டது. மற்ற ஊர்களுக்குச் சொல் பரவியபோது திசை உதிர்ந்துபோய், கடைகளும் அலுவலகங்களும் உள்ள இடம் என்ற பொருள் மட்டும் தங்கியது. நியூ ஆர்லியன்ஸில் மட்டும் மிசிசிப்பி ஆற்றின் ஓட்டத்தை வைத்து, ஆறு வரும் பக்கத்தை அப்டவுன் என்றும் போகும் பக்கத்தை டவுன்டவுன் என்றும் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இரண்டு பாதிகளின் வேரும் சுவையானது. 'கீழே' என்று பொருள் தரும் 'டவுன்' என்ற முதல் பாதி, பழைய ஆங்கிலத்தில் குன்று என்று பொருள்படும் 'டூன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'குன்றிலிருந்து' என்று சொல்லிச் சொல்லியே அது 'கீழே' ஆகிவிட்டது. ஊரைக் குறிக்கும் இரண்டாவது பாதியின் மூலம் 'தூன்'. அடைத்த இடம், வேலி போட்ட இடம் என்று அதற்குப் பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான 'ட்ஸௌன்' இன்றும் வேலியைத்தான் குறிக்கிறது. வேலிக்கு உள்ளே இருப்பது ஊர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'கீழ்நகரம்' ஏன் ஆகாது? தமிழிலும் மேடு பள்ளத்தை வைத்துத் திசை சொல்லும் வழக்கம் உண்டு, ஆனால் நம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் நமக்கு மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மதுரையில் கீழ மாசி வீதி கிழக்கே இருக்கிறது, மேல மாசி வீதி மேற்கே. மன்ஹாட்டன்காரருக்குக் கீழ் என்பது தெற்கு. இந்த நிலையில் கீழ்நகரம் என்று எழுதினால் தமிழ் படிப்பவர் கிழக்கு ஊர் என்று எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் தாழ்ந்த ஊர் என்று. நம் ஊர்களில் 'கீழ்' என்ற சொல் என்னென்ன வலியைச் சுமந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

சரி, நகர மையம் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன? இதற்கு டெட்ராய்ட்டையே எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் டவுன்டவுன் என்ற சொல்லுக்குள் எவ்வளவு பாசமும் கோபமும் அடைந்திருக்கிறது என்பது கடந்த பதினைந்து ஆண்டுகளில் அங்கே நன்றாகத் தெரிந்தது.

1701ல் கடியாக் என்ற பிரெஞ்சுக்காரர் ஆற்றங்கரையில் மரத்தால் வேலி அடைத்து ஒரு கோட்டை கட்டினார். இன்றைய டவுன்டவுன் அதே இடம்தான். நகரத்தின் வரைபடத்தை விரித்தால் அது நடுவில் இல்லை, தெற்கு ஓரத்தில் ஆற்றை ஒட்டி இருக்கிறது, அக்கரையில் கனடா. ஆனாலும் ஊர் தன்னை அளந்துகொள்வது அங்கிருந்துதான். எட்டு மைல் சாலை, ஏழு மைல் சாலை என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த மைல்களை எண்ணத் தொடங்கும் இடம் டவுன்டவுனில் உள்ள கேம்பஸ் மார்ஷியஸ் சதுக்கம்.

1950ல் அந்த நகரத்தில் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம். நடுவில் நடந்ததை ஹட்சன்ஸ் கடையை வைத்தே சொல்லிவிடலாம். உட்வர்டு அவென்யூவில் ஒரு தெருச்சதுரம் முழுக்க நின்ற பிரம்மாண்டமான கடை அது. 1924ல் அந்தக் கடை தொடங்கிவைத்த, தேங்க்ஸ்கிவிங் எனப்படும் நன்றி நாள் ஊர்வலம் இன்றைக்கும் அதே சாலையில் நடக்கிறது. வெள்ளையர்கள் புறநகருக்குப் போக, வியாபாரமும் பின்னாலேயே போய், 1983ல் கடை மூடப்பட்டது. 1998 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2013 ஜூலையில் நகராட்சியே திவாலானதாக மனு போட்டது. அந்தச் சமயத்தில் ஊரில் பத்துத் தெருவிளக்கில் நான்கு எரியவில்லை.

திருப்பமும் அதே காலத்தில்தான் தொடங்கியது. டான் கில்பர்ட் என்ற தொழிலதிபர் தன் கடன் நிறுவனத்தின் ஊழியர்களை 2010ல் புறநகரிலிருந்து டவுன்டவுனுக்குக் கொண்டுவந்தார், பிறகு கட்டிடம் கட்டிடமாக வாங்கினார். நூற்றுக்கும் மேற்பட்டவை இன்று அவர் நிறுவனங்களின் கையில். 2016க்குள் ஊர் முழுக்க 65,000 புது விளக்குகள் எரிந்தன. 2017ல் உட்வர்டில் டிராம் ஓடியது, விளையாட்டு அரங்கம் திறந்தது. ஹட்சன்ஸ் இருந்த வெற்று நிலத்தில் கோபுரம் எழுந்தது. டவுன்டவுனுக்கு அடுத்த கார்க்டவுனில், 1988ல் கடைசி ரயிலோடு கைவிடப்பட்ட மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேஷனை 2018ல் ஃபோர்டு வாங்கி 2024ல் திறந்தது. வாங்கிய செய்தி வந்த சில நாளில் நடந்ததைக் கேளுங்கள். யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் போன் பண்ணி, ஸ்டேஷனிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாமல் போயிருந்த பழைய கடிகாரத்தை எங்கே வைத்திருக்கிறேன் என்று சொன்னார். போய்ப் பார்த்தால், எரிந்துபோன ஒரு கட்டிடத்தின் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தவரின் மனசு ஊரில் பலருக்கு இருக்கிறது. மாலையில் ஆற்றங்கரை நடைபாதையில் குடும்பத்தோடு நடக்க முடிகிறது, குளிர்காலத்தில் கேம்பஸ் மார்ஷியஸில் பிள்ளைகள் பனிச்சறுக்கு ஆடுகிறார்கள், இதெல்லாம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கில்லாத காலத்தில் ஊரை விட்டுப் போகாமல் இருந்தவர்களுக்கு அந்த வெளிச்சத்தின் அருமை மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது வேறு கேள்வி: இந்த அழகெல்லாம் யாரை நினைத்துச் செய்தது?

அந்தக் கேள்விக்குக் காரணங்கள் இருக்கின்றன. கிரிஸ்வால்ட் தெருவில் 1214 என்ற எண்ணுள்ள கட்டிடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முதியவர்கள் அரசு வாடகை உதவியோடு குடியிருந்தார்கள். 2013ல் ஓராண்டுக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஊர் கெட்டுக் கிடந்த காலமெல்லாம் டவுன்டவுனில் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஊர் நிமிரும்போது வெளியேறினார்கள், கட்டிடம் 'தி ஆல்பர்ட்' என்ற பெயரில் அதிக வாடகை வீடுகளாகத் திறந்தது. 2017ல் இன்னொன்று. கில்பர்ட்டின் ரியல் எஸ்டேட் நிறுவனம் உட்வர்டில் ஒரு கட்டிடத்தின் கண்ணாடியில் பெரிய படம் ஒட்டியது. கூட்டமாக இளைஞர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், மேலே 'நாங்கள் பார்ப்பது போல டெட்ராய்ட்டைப் பாருங்கள்' என்று பொருள்படும் வாசகம். ஐந்தில் நான்கு பேர் அளவுக்குக் கறுப்பினத்தவர் வாழும் ஊர் அது. எதிர்ப்பு கிளம்பியதும் படத்தை எடுத்துவிட்டார்கள், கில்பர்ட் மன்னிப்பும் கேட்டார். ஆங்கிலத்தில் நாமும் நாங்களும் ஒரே சொல். ஊர்க்காரர்கள் அதை 'நாங்கள்' என்றுதான் படித்தார்கள், 'நாம்' என்று படிக்க அந்தப் படத்தில் இடமே இல்லை.

இதற்குப் பழைய காயமும் ஒன்று உண்டு. டவுன்டவுனை ஒட்டியிருந்த பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற கறுப்பினக் குடியிருப்புகளை 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் இடித்தார்கள். கடைகளும் ஜாஸ் கிளப்புகளும் நிறைந்திருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேல் நெடுஞ்சாலை வந்தது. அந்த நெடுஞ்சாலையை எடுத்துவிட்டுச் சாதாரணத் தெருவாக மாற்றுவோம் என்று பின்னாளில் திட்டம் வந்தபோது, மீண்டு வரும் நிலம் யாருக்கு என்றுதான் முதலில் கேட்டார்கள். இதையெல்லாம் பார்த்தவர்களிடம் போய் வளர்ச்சியை எதிர்க்கிறீர்களா என்று கேட்பது நியாயமே இல்லை.

இந்த இடத்தில் கூடவே வரும் சொல் 'ஜென்ட்ரிஃபிகேஷன்'. ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 1964ல் லண்டனைப் பற்றி எழுதும்போது உருவாக்கியது, உழைக்கும் மக்கள் பகுதியில் வசதியானவர்கள் குடிவந்து பழையவர்கள் வெளியேற நேர்வதைக் குறிக்கும். மேட்டுக்குடியேற்றம் என்று நான் எழுதுகிறேன். மேட்டுக்குடியும் குடியேற்றமும் சேர்ந்த சொல், விளக்கம் கேட்க வேண்டியிருக்காது.

இப்போது டவுன்டவுனுக்குத் திரும்பலாம். வணிக மையம் என்றால் கடையும் அலுவலகமும் மட்டும் கண்ணில் படும், கிரிஸ்வால்ட் தெருவில் குடியிருந்த முதியவர்கள் படமாட்டார்கள். நகர மையம் வரைபடத்துக்குப் பொருந்தும், டெட்ராய்ட்டில் அதுவும் பொருந்தவில்லை. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பகுதிக்கு 'டவுன்' என்றே பெயர், ஜங்ஷன் தனி, பாளையங்கோட்டை தனி. பேச்சுக்கு அந்த 'டவுன்' மிக இயல்பு. பொதுச் சொல்லாக எழுதினால் வேறு ஊர்க்காரர்களுக்கு அது சின்ன நகரம் என்ற பொருளைத் தரும்.

என் தேர்வு அகநகர். புறநகர் என்று தினமும் சொல்கிறோம், பத்திரிகையிலும் ரயில் அறிவிப்பிலும் அந்தச் சொல் இருக்கிறது, அதன் ஜோடியைத்தான் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம். ஊரை அகம் புறம் என்று பிரிப்பது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையும் முன் தங்குவது புறஞ்சேரியில், அந்தக் காதைக்கே புறஞ்சேரி இறுத்த காதை என்று பெயர். வேலிக்கு உள்ளே என்ற ஆங்கில வேரும் இதோடு ஒத்துப்போகிறது. எல்லாவற்றையும்விட, அகம் என்றால் வீடு, அகம் என்றால் மனசு. டவுன்டவுனில் குடியில்லாத டெட்ராய்ட்காரர்கூட ஹட்சன்ஸ் இடிந்த நாளைத் தன் வீட்டில் நடந்த இழப்பாகப் பேசுவதற்கு இந்தச் சொல் இடம் தருகிறது.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்க ஆங்கிலத்தில் 'இன்னர் சிட்டி' என்று வேறொரு சொல் உண்டு, அது நகரத்துக்குள் இருக்கும் ஏழைக் குடியிருப்புகளைக் குறிக்கும். மொழிபெயர்ப்பவர்கள் அதற்கு அகநகர் என்று போட்டுவிட வேண்டாம், நகரத்து ஏழைக் குடியிருப்புகள் என்று நேராகவே எழுதலாம்.

எழுதும்போது இப்படி: 'அகநகர்வாசிகள் வாடகை உயர்வை எதிர்த்து மனு கொடுத்தார்கள்', 'புறநகரிலிருந்து அகநகருக்கு டிராம்'. முதல் தடவை மட்டும் 'டவுன்டவுன் எனப்படும் அகநகர்' என்று சேர்த்து எழுதினால் போதும். சிங்கப்பூரின் டவுன்டவுன் ரயில் தடம் மாதிரி பெயராகவே ஆகிவிட்டவற்றைத் தொட வேண்டாம், அவை அப்படியே இருக்கட்டும்.