தொட்டியை விட்டு ஓடும் மண்புழுக்கள்

"சார், தொட்டிப் புழு எல்லாம் செத்துப்போச்சு, வந்து பாருங்க." ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை ஒரு அம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். மொட்டை மாடித் தரையெங்கும் காய்ந்த நூல் துண்டுகளாக மண்புழுக்கள் ஒட்டிக் கிடந்தன. மண்புழு உரம் தயாரிக்கும் தொட்டி அது. சாய்த்தால் அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர், அழுகின முட்டை நாற்றம். வடிகால் ஓட்டைகளைத் தேங்காய் நார் அடைத்திருந்தது.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு. படுக்கையில், அதாவது புழு வாழத் தொட்டியில் நிரப்பும் மக்கிய கலவையில், நீர் நின்றால் காற்றுக்குத் தவித்து மேலேறி வெளியே வரும். தோல் காய்ந்ததும் சாகும்.

புழு ஓடுகிறதென்று மூடியை இறுக்கி மேலே கல் வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே இருக்க முடியாமல்தான் அது ஓடுகிறது. படுக்கையில் ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஓட்டைகளைக் குத்திவிட்டு, கிழித்த அட்டைப்பெட்டி, காய்ந்த சருகு கலந்து கிளறுங்கள்.

அடுத்த எதிரி சூடு. பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் மக்கும்போது கொதிக்கும். இரண்டு வாரம் நிழலில் ஆறவிட்டு, உள்ளே கை விட்டுப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் மட்டும் போடுங்கள். 35 டிகிரியைத் தாண்டினால் புழுவுக்கு ஆபத்து. சித்திரையில் மொட்டை மாடி வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் வைத்து ஈரச்சாக்கு போடுங்கள்.

உப்புப் போட்ட மிச்சச் சாப்பாடு, ஊறுகாய் ஆகவே ஆகாது. எலுமிச்சைத் தோலும் வேண்டாம். காய்கறிக் கழிவை ஒரு மூலையில் புதைத்து, அது கரைந்த பிறகே அடுத்தது.

புதுப் புழு விட்ட முதல் சில இரவுகள் மேலே ஒரு பல்பு எரியட்டும். வெளிச்சத்துக்கு அஞ்சி உள்ளேயே தங்கும். ஆப்பிரிக்க மண்புழு வைத்திருப்பவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்வேன். சுற்றித் திரிவது அதன் குணம். ஓட்டைகளுக்கு நைலான் வலை, எறும்பு ஏறாமலிருக்கத் தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது, இரண்டும் அவசியம். அது நம் மண்ணின் புழு அல்ல என்பதால் பெருகிவிட்டதைக் காடு மேட்டில் கொட்டாதீர்கள். தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள்.

அந்த அம்மா எல்லாவற்றையும் குப்பையில் கொட்டக் கிளம்பினார். தடுத்தேன். நீரை வடித்து, சருகு கலந்து, படுக்கையைக் கிளறியபோது பழுப்பு முத்துகளாக முட்டைக்கூடுகள் அகப்பட்டன. நிழலில் வைக்கச் சொல்லி வந்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி அழைத்தார்: "சார், வெள்ளை நூல் மாதிரி என்னவோ நெளியுது!"