பிரேக் பேட் எத்தனை கிலோமீற்றர் ஓடும்?

புதுப் பேட் போட்டா எவ்வளவு காலம் ஓடும் எண்டு கேட்டா ஒருத்தர் 30,000 கிலோமீற்றர் எண்டுவார், இன்னொருத்தர் 70,000 எண்டுவார், ரெண்டு பேரும் சொல்லுறது உண்மைதான், ஏனெண்டா பேட்டைத் தேய்க்கிறது ஓடின தூரம் இல்லை, ஒவ்வொருக்கா நிப்பாட்டேக்கயும் வாற சூடு.

பெடலை மிதிக்க ரெண்டு பேட்டும் சில்லோட சுத்துற டிஸ்க்கை ரெண்டு பக்கத்தாலயும் இறுக்கிப் பிடிக்கும், காரின்ர ஓட்டத்தில இருந்த சக்தி முழுக்க அந்த உரசலில சூடா மாறும். 1,200 கிலோ காரை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில இருந்து நிப்பாட்ட வாற சூட்டில ஒரு லீற்றர் தண்ணியை 40 பாகை கூட சூடாக்கலாம். 30இல இருந்து நிப்பாட்டினா அதில கால்வாசிதான், பாதி இல்லை. பேட்டில இருக்கிறது பிசினால ஒட்டின கலவை, சூடு கூடக் கூட அந்தப் பிசின் பலம் கெட்டு இன்னும் கெதியாத் தேயும்.

அதால வெள்ளவத்தைப் பக்கம் பின்னேரம் காலி வீதியில ஊர்ந்து போறது நாங்க பயப்பிடுற அளவுக்கு பேட்டைத் தின்னாது, கொஞ்சம் இடம் கிடைச்ச உடன ஒரு இழுப்பு இழுத்துப்போட்டு அடுத்த சிக்னலில இறுக்கி மிதிக்கிறம் பாருங்கோ, அதுதான் தின்னும். சிவப்பு தூரத்தில தெரியேக்கயே காலை எடுத்தாலே பெரிய லாபம்.

அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட்டில பிரேக்கில கால் வைக்கேக்க மோட்டரே காரை இழுத்துப் பிடிச்சு பட்டரிக்கு சார்ஜ் ஏத்தும், பேட்டுக்கு வேலை குறைவு, ஒரு லட்சம் தாண்டியும் இருக்கும். ஆனா கடல்காத்து படுற மரைன் ட்ரைவ் பக்கம் நிண்டா, பாவிக்காத டிஸ்க் துருப்பிடிக்கும், பேட்டுகளை அமத்திப் பிடிக்கிற கலிப்பர் நகருற இரும்புக் கம்பி (pin) இறுகிப்போகும். அப்ப ஒரு பேட் மட்டும் தேயும். கழட்டிப் பாத்தா வெளிப்பேட் தடிப்பா இருக்கும், உள்பேட்டில இரும்புத் தகடு டிஸ்க்கைக் கீறிக்கொண்டிருக்கும். அதால சில்லு இடுக்கால வெளிப்பேட்டை மட்டும் பாத்து "இன்னும் ஓடலாம்" எண்டு ஆரும் சொன்னா நம்பவேண்டாம், சில்லைக் கழட்டி ரெண்டையும் பாக்கச் சொல்லுங்கோ. புதுசு 10, 12 மில்லிமீற்றர் இருக்கும், 3க்கு வந்தா மாத்தவேணும்.

பிரேக் ஒயிலும் முக்கியம், பெடலில மிதிக்கிற அழுத்தத்தைச் சில்லுக்குக் கொண்டுபோறது அதுதான். அது காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், கொழும்பில ஈரத்துக்குக் குறைவே இல்லை. புது டொட் 3 (DOT 3) வகை ஒயில் 205 பாகைக்குக் கீழ கொதிக்காது, நல்லா ஈரம் ஏறினது 140லயே கொதிக்கலாம், கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி நிண்டு பெடல் அடிவரைக்கும் போகும், பிரேக் பிடிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ. நுவரெலியாவில இருந்து றம்பொடைப் பக்கமா இறங்கேக்க சின்ன கியரில, ஹைபிரிட் எண்டா கியரில "B" எண்டு இருக்கிறதில போட்டு இறங்குங்கோ. பெடல் மெத்தெண்டு உள்ள போனா விட்டு விட்டு மிதிச்சு ஓரமா நிப்பாட்டி ஆறவிடுங்கோ, டிஸ்க்குக்குத் தண்ணி மட்டும் ஊத்தவேண்டாம், சூட்டில வெடிச்சுப்போகும்.