இங்கிலாந்து மாவட்ட கவுன்சில் தேர்தல் முடிவை எப்படிப் படிப்பது?

குப்பை அள்ளுவது, கட்டட அனுமதி, கவுன்சில் வரி வசூல் எல்லாம் மாவட்ட கவுன்சிலின் வேலை. பள்ளிக்கூடமும் சாலையும் அதற்கு மேலே உள்ள கவுன்ட்டி கவுன்சிலைச் சேர்ந்தவை. வழக்கமாக மே மாத முதல் வியாழக்கிழமை தேர்தல். ஒன்றிரண்டு நாளில் வார்டு வாரியாக முடிவு வந்துவிடும்.

பட்டியலில் பலரும் குழம்புவது ஓர் இடத்தில்தான். வாக்களித்தவர்களைவிட வாக்குகள் அதிகமாக இருக்கும். கள்ள ஓட்டு என்று பதற வேண்டாம். பல வார்டுகளுக்கு இரண்டு, மூன்று கவுன்சிலர்கள் உண்டு. மூன்று இடம் என்றால் ஒருவர் மூன்று பேருக்கு வரை பெருக்கல் குறி போடலாம். ஒருவருக்கு மட்டும் போட்டாலும் செல்லும், நான்கு போட்டால் வாக்குச்சீட்டே செல்லாது. அதனால் இந்த வார்டுகளில் கட்சிகளின் வாக்கு சதவீதத்தைக் கூட்டிக் கழிப்பதில் பெரிதாகப் பயனில்லை. அதிக வாக்கு வாங்கிய முதல் மூவர் ஜெயித்தார்கள், அவ்வளவுதான். அடியில் செல்லாத வாக்குகளின் கணக்கு, காரணத்தோடு இருக்கும்: குறியே போடாதவை, கூடுதல் குறி போட்டவை, போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எழுத்து உள்ளவை.

அடுத்துப் பார்க்க வேண்டியது மொத்த இடங்களில் பாதியைத் தாண்டியவர் யார் என்பது. 2023 மே 4 தேர்தலில் மிட் சஃபோக் மாவட்டத்தில் 34 இடங்களில் 24-ஐ பசுமைக் கட்சி பிடித்தது. அந்தக் கட்சி ஒரு கவுன்சிலில் தனிப் பெரும்பான்மை பெற்றது அதுவே முதல்முறை. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் பேரம்தான்: கூட்டணி, அல்லது பாதி இடம் இல்லாமலே ஒரு கட்சி நடத்தும் சிறுபான்மை நிர்வாகம்.

இருவர் சமமாக வாக்கு வாங்கினால்? மறுதேர்தல் கிடையாது, குலுக்கல்தான். 2017-இல் நார்தம்பர்லேண்ட் கவுன்ட்டி கவுன்சிலின் சவுத் பிளைத் வார்டில் இப்படித்தான் குச்சி உருவிப் பார்த்தார்கள். லிபரல் டெமாக்ரட் வேட்பாளருக்கு அதிர்ஷ்டம். தோற்றவரின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு மொத்தம் 67 இடங்களில் 33. பெரும்பான்மைக்கு ஒன்று குறைந்தது, ஒரு குச்சியால்!

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களும் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டாம். காமன்வெல்த் நாட்டவராக, 18 வயது நிரம்பி, செல்லுபடியாகும் விசாவில் இருந்தால் போதும். மாணவர் விசாவும் சரிதான். ஆனால் பெயர் தானாகச் சேராது. வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பே பதிந்திருக்க வேண்டும். நேரில் வாக்களிக்க 2023 முதல் புகைப்பட அடையாளம் கட்டாயம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டையே காட்டலாம். காலாவதியானாலும், படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் ஏற்பார்கள். உரிய அடையாளம் எதுவும் இல்லாதவருக்கு வாக்காளர் சான்றிதழ் இலவசம். வாக்குப்பதிவுக்கு 6 வேலை நாள் முன்பு, மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.