தலைவலி என்று சொல்கிற பெண்ணுக்கு வலிக்கிற இடம் வேறு

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் சிகிச்சைக்கு வந்திருந்தார். (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கல்யாணமாகி ஒன்றரை வருஷம், கூட மாமியார், கையில் தடித்த ஃபைல். முன்பு பார்த்த இடத்தில் தைராய்டு, ஸ்கேன், கணவருக்கு விந்தணுப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாமே நார்மல், அடுத்து கர்ப்பக்குழாயில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "ரெண்டு பேரும் சேர்றதுல ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து போனை எடுத்தார், சத்தத்தைக் குறைத்தார், மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதில் ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் முதலிரவைப் பற்றிப் பேசுகிறார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. வீடியோ முடிந்ததும், "இவங்களுக்கு நடந்ததுதான் டாக்டர் எனக்கும். இன்னும் ஒண்ணுமே நடக்கல" என்றார்.

குழந்தை இல்லை என்று இத்தனை டெஸ்ட் எடுத்தவர்கள் யாரும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அவருக்கு இருந்தது வஜைனிஸ்மஸ். கண்ணுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் இமை தானாக மூடிக்கொள்கிறதே, அதுபோல யோனியைச் சுற்றியுள்ள தசைகள் அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமலே இறுகிவிடும். கணவரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, உடம்பில் குறை என்றும் இல்லை. கட்டாயப்படுத்தினால் பயம் கூடும், இறுக்கமும் கூடும். தன் உடம்பைத் தானே தெரிந்துகொள்வது, மூச்சுப் பயிற்சி, இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, அப்புறம் சுண்டுவிரல் பருமனில் தொடங்கி மெல்ல மெல்லப் பெரிதாகிற, யோனிக்குள் வைத்துப் பழகுகிற டைலேட்டர் என்கிற குழல்கள், இவ்வளவுதான் வைத்தியம். சில வாரங்களோ சில மாதங்களோ ஆகும், பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. கணவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவது இதில் பாதி வேலை.

நான் கேட்டு வராத பதில் ஒரு ஜோக்கைக் கேட்டு வந்தது. பெண்கள் மேடையேறி இந்த விஷயங்களைப் பேசுவதை நான் மதிப்பது இதனால்தான்.

"ராத்திரியானா பொண்டாட்டிக்குத் தலைவலி வந்துரும்" என்கிற துணுக்கை வாரப் பத்திரிகைகளில் படித்தே வளர்ந்தோம். சொல்வது ஆண், சிரிப்பது அவன் நண்பர்கள். அந்தப் பெண்ணுக்கு ஏன் தலைவலி வருகிறது என்று அந்தத் துணுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. என் அறையில் அந்தத் தலைவலிக்கு என்னென்னவோ காரணம் பார்த்திருக்கிறேன். பிரசவத்தில் போட்ட தையல் ஆறின இடம் இழுத்துப் பிடிக்கும், தாய்ப்பால் கொடுக்கிற மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைந்து வறண்டுபோகும், கிருமித் தொற்றால் எரியும், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இருந்தால் உள்ளே ஆழத்தில் வலிக்கும். அதே ஜோக்கை ஒரு பெண் தன் பக்கத்திலிருந்து சொல்லும்போது, கேட்கிற இன்னொரு பெண்ணுக்கு "நமக்கு மட்டும் இல்லையா இது" என்று தோன்றுகிறது. எனக்கு அது போதும்.

பொம்பளைங்க இதையெல்லாம் பேசலாமா என்று கேட்பவர்கள் நம் ஊர்த் திருவிழாவை நினைத்துப் பார்க்கட்டும். கரகாட்டத்தில் இரட்டை அர்த்தப் பேச்சுக்குக் குறைவில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி வருவதற்கு முன்னால் பபூனும் டான்ஸ் ஆடுகிற பெண்ணும் பேசுகிற பேச்சுக்கு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கிற பெண்களை நானே பார்த்திருக்கிறேன். பபூன் பேசினால் கலை, அந்தப் பெண் பதில் சொன்னால் மட்டும் அவருக்குக் கெட்ட பெயர். என்ன நியாயம் இது?

பெண்கள் பேசாமலும் இருந்ததில்லை. என் அப்பத்தா வாடிப்பட்டிப் பக்கம் நடவுக்குப் போனவர். சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், புதுசாகக் கல்யாணமாகி வந்த மதினியை வரிசையில் நிற்கிற எல்லோரும் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குள்ளே யோசனையும் இருந்தது, "எண்ணெய் தொட்டுக்கடி" என்று ஒருத்தர் சொன்னதன் அர்த்தம் டாக்டரான பிறகுதான் எனக்குப் புரிந்தது. (ஆணுறை போடுகிறவர்கள் எண்ணெயைத் தொட வேண்டாம், லேடெக்ஸ் கிழிந்துவிடும், தண்ணீர் கலந்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும்.) இன்றைக்கு ஊமச்சிகுளத்திலோ திருநகரிலோ தனிக்குடித்தனம் இருக்கிற பெண்ணுக்கு வயலும் இல்லை, மதினியும் இல்லை, போன்தான் இருக்கிறது.

மும்பையின் மேடை நகைச்சுவைக் கலைஞர் அதிதி மிட்டல், டாக்டர் மிஸஸ் லுட்சுகே என்கிற பாலியல் மருத்துவராக வேடமிட்டு மேடையில் பேசுவார். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஆலி வாங் 2016-ல் வெளியான நிகழ்ச்சியில் ஏழு மாத வயிற்றோடு நின்று தாம்பத்யத்தையும் பிள்ளைப்பேற்றையும் பேசினார். ஒரு மருத்துவராக எனக்கு அதில் பொறாமைகூட உண்டு. நாங்கள் அப்படிப் பேசப் பழகவேயில்லை. பெண்ணின் பாலின்ப உறுப்பான கிளிட்டோரிஸ் உடம்புக்குள் எவ்வளவு பெரிய உறுப்பு என்று ஆஸ்திரேலிய அறுவை சிகிச்சை நிபுணர் ஹெலன் ஓகானல் விளக்கிக் கட்டுரை வெளியிட்டதே 1998-ல்தான். எங்கள் வகுப்பில் அந்த உறுப்புக்கு ஐந்து நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. டாக்டர்கள் கேட்காமல் விடுவதற்கு இதுவும் காரணம்.

எல்லா ஜோக்கும் நல்லது என்று சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிறகு "லூஸ்" ஆகிவிட்டதாகக் கணவர் நண்பர்கள் முன்னால் கேலி பேசினார் என்று, ஆபரேஷன் செய்ய முடியுமா என்று கேட்டு அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஆபரேஷன் தேவையே இல்லை. வலியில் இருக்கிறவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு, வலித்தவரே சொல்லிச் சிரிப்பது வேறு.

உசிலம்பட்டியிலிருந்து வருகிற ஒரு அம்மாவுக்கு 52 வயது. மாதவிடாய் நின்று நான்கு வருஷம். எரிச்சல் என்று மட்டும் சொன்னார். மெல்ல விசாரித்தால், "இந்த வயசுல போய் இதையெல்லாம் சொல்லலாமா டாக்டரம்மா?" என்றார். சொல்லலாம். மாதவிடாய் நின்றபின் எரிச்சலைத் தருகிற அந்த வறட்சிக்கு ஜெல் இருக்கிறது, யோனியில் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது. க்ரீமை மட்டும் டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

வலி இருந்தால் வாருங்கள். கூட வந்தவர்கள் முன்னால் பேச முடியாது என்றால், டோக்கன் போடும்போதே நர்ஸிடம் "தனியா பேசணும்" என்று சொன்னால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வாய் திறந்து சொல்ல வரவில்லையா, அந்தப் பெண் செய்த மாதிரி ஒரு வீடியோவைக் காட்டுங்கள், இல்லையென்றால் ஒரு துண்டுச் சீட்டில் எங்கே வலிக்கிறது, எப்போது, எத்தனை நாளாக என்று எழுதிக் கொடுங்கள். அதிலிருந்து நான் ஆரம்பித்துக்கொள்கிறேன்.