பயோரியா: சொல்லும் நோயும்

'பல் ஆடுகிறது, பயோரியாவாம்' என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கிறோம். பல்பொடி விளம்பரங்கள் வழியாக வீட்டுப் பேச்சில் நிலைத்துவிட்ட சொல் இது. கிரேக்க மொழியில் 'பியோன்' என்றால் சீழ், 'ரோயா' என்றால் ஒழுக்கு. நேர்த்தமிழில் சீழொழுக்கு. ஈற்றின் ஓரத்தை அழுத்தினால் சீழ் வடிவதைக் கண்டு 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பயன்படுத்திய பெயர். அமெரிக்காவில் இதற்கு ரிக்ஸ் நோய் என்றும் பெயர் இருந்தது. ஜான் ரிக்ஸ் என்ற அந்தப் பல் மருத்துவர், பல்லில் படிந்த கல்லைச் சுரண்டி எடுப்பதுதான் இதற்கு வைத்தியம் என்று அன்றே வாதாடினார். இன்றைய சிகிச்சையும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

பயோரியா என்ற பெயரைப் பல் மருத்துவம் கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது. கைவிட்டது சரிதான் என்பேன். சீழ் இந்த நோயின் முற்றிய நிலையில், அதுவும் சிலருக்கு மட்டுமே வருவது. அதன் பெயரால் நோயை அழைத்தால், சீழ் வரும்வரை நமக்கு நோயில்லை என்றுதான் தோன்றும். நோயோ ஈற்றில் இரத்தம் கசிவதில் தொடங்குகிறது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வேண்டும். முதல் நிலைக்கு ஈறு அழற்சி, அடுத்ததற்குப் பற்சூழ் திசு அழற்சி. அழற்சி என்பது அழல், அதாவது நெருப்பு என்ற சொல்லின் வழி வந்தது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகியவை அதன் அடையாளங்கள். ஆனால் ஈற்றில் வலி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். துப்பும் நுரையில் சிவப்பு தெரியும். கொய்யாவைக் கடித்தால் வெள்ளைச் சதையில் இரத்தக் கோடு படியும். 'ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்' என்று படித்துவிட்டு, தன் கருத்த ஈற்றைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். நம்மில் பலருக்கு அது பிறவி நிறம். புகைப்பவர்களுக்கு ஈற்றின் இரத்த ஓட்டம் குறைவதால் கசிவும் குறையும். அதை நலம் என்று நம்பிவிடக் கூடாது.

இரண்டு சொற்களைப் பிரித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர், நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் மறைந்தது. முதல் நிலையிலிருந்து முழுமையாக மீளலாம். பற்சூழ் திசு அழற்சியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. கரைந்த எலும்பு தானாக வளராது. மருத்துவர் மெல்லிய அளவுகோலை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே விட்டுப் பார்க்கிறார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்கு மேல் ஆழமாகி, எலும்பும் குறைந்திருந்தால் இரண்டாம் நிலை.

சிகிச்சைக்குத் தடையாக நிற்பது ஒரு தவறான நம்பிக்கை: 'கிளீன் பண்ணினால் பல் ஆடிவிடும்.' பல்லை ஆட வைப்பது எலும்பு இழப்பு. இடுக்கில் இறுகிப்போன கல் அந்த ஆட்டத்தை மறைத்துக்கொண்டிருக்கும். கல்லை எடுத்ததும் பழைய இடைவெளி வெளியே தெரிகிறது, வீக்கம் வடிந்த ஈறும் சற்றுச் சுருங்குகிறது. சில நாள் பற்கூச்சம் இருந்து தணியும். இரத்தம் வருகிறதே என்று பல் துலக்குவதை நிறுத்துவதும் இதே வகைத் தவறு. மென்மையான பிரஷ்ஷால், ஈற்றோரத்தையும் சேர்த்துத் துலக்குவதுதான் கசிவை நிறுத்தும். செங்கல் பொடியும் சாம்பலும் பல்லைத் தேய்த்து, ஈற்றையும் புண்ணாக்கும்.

சர்க்கரை நோயாளிகள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்கு அடங்காதபோது ஈறு விரைவாகக் கெடுகிறது, ஈற்றின் அழற்சி சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் கெடுக்கிறது. ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதய நோயோடும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது, ஆனால் ஈறு நோய்தான் அதற்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. பல் மருத்துவரிடம் போகும்போது கடைசி சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பிணிகளும் ஈறு வீங்கினால் பேறு காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. கல் எடுக்கும் சிகிச்சையை அப்போதும் பாதுகாப்பாகச் செய்துகொள்ளலாம்.