ஸ்பானிஷுக்கு ஆங்கிலம் வழியாகப் போக வேண்டாம்

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்தும்போது, ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, ஸ்பானிஷ் கடினம் என்பதால் வருபவை அல்ல. மனத்தில் தமிழில் தோன்றியதை ஆங்கிலமாக்கி, அப்புறம் ஸ்பானிஷுக்குக் கொண்டுபோவதால் வருபவை.

ஒரு பொருளை வருணிக்கும்போது இது நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் 'இஸ்' ஒன்றே பார்க்கும் வேலையை ஸ்பானிஷில் எஸ், எஸ்தா, ஐ என்று மூன்று சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. "நிலையானதற்கு எஸ், தற்காலிகமானதற்கு எஸ்தா" என்று பலரும் மனப்பாடம் செய்கிறார்கள். இந்தச் சூத்திரத்தை நான் வகுப்பில் சொல்லித்தருவதில்லை. மாட்ரிட் நகரம் எங்கேயும் போய்விடாது, ஆனாலும் 'மாட்ரிட் ஸ்பெயினில் இருக்கிறது' என்பது "மாட்ரிட் எஸ்தா என் எஸ்பான்யா". இறந்தவர் எழுந்து வரப்போவதில்லை, அங்கும் "எஸ்தா முவெர்தோ"தான். சில வருடங்கள் மட்டுமே மாணவனாக இருப்பவனுக்கோ "எஸ் எஸ்துதியாந்தே".

தமிழிலிருந்தே நேராகப் பாருங்கள். 'அவன் நல்லவன்' என்றால் எஸ் புவேனோ. 'அவன் நன்றாக இருக்கிறான்' என்றால் எஸ்தா பியென். 'வீடு பெரியது', லா காசா எஸ் கிராந்தே. 'வீடு சுத்தமாக இருக்கிறது', லா காசா எஸ்தா லிம்பியா. இன்னது, இன்னார் என்று முடிகிற இடத்தில் எஸ். எப்படி இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று சொல்கிற இடத்தில் எஸ்தா. பேச்சில் "வீடு பெரிசா இருக்கு" என்றும் சொல்வோம், உண்மைதான். அதைப் 'பெரியது' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் கெடவில்லை என்றால் எஸ் போடுங்கள். 'சூப் ஆறிப்போய் இருக்கிறது' என்பதை அப்படி மாற்ற முடியாது, அதனால் எஸ்தா. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் ஆரம்பத்தில் நன்றாகவே கைகொடுக்கும்.

தமிழ் நம்மைச் சறுக்க வைக்கும் இடமும் இதே வாக்கியத்தில் உண்டு. 'வீடு பெரியது' என்பதில் தனி வினைச்சொல் கிடையாது. அதே பழக்கத்தில் "லா காசா கிராந்தே" என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குப் 'பெரிய வீடு' என்றுதான் பொருள், ஏனென்றால் அங்கே பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும். கேட்பவர், அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று காத்திருப்பார்.

ஐ என்ற சொல்லுக்கும் தமிழே வழிகாட்டும். 'மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது': என் லா மேசா ஐ உன் லிப்ரோ. 'புத்தகம் மேசையில் இருக்கிறது': எல் லிப்ரோ எஸ்தா என் லா மேசா. முதலாவது, அப்படி ஒன்று உண்டு என்று புதிதாகச் சொல்கிறது. இரண்டாவது, இருவருக்கும் தெரிந்த புத்தகம் எங்கே என்று சொல்கிறது. தமிழில் சொற்களை இடம் மாற்றி நாம் காட்டும் வேறுபாட்டை, அவர்கள் வினைச்சொல்லை மாற்றிக் காட்டுகிறார்கள். மூன்று புத்தகங்கள் இருந்தாலும் ஐ மாறாது.

தமிழ் கொஞ்சமும் உதவாத இடம், பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால். நமக்கு மேசை அஃறிணை, அவ்வளவுதான். அங்கே மேசா பெண்பால், லிப்ரோ ஆண்பால், பெயரடையும் கூடவே மாறும். காப்பி ஆறினால் எல் காஃபே எஸ்தா ஃப்ரீயோ; சூப் ஆறினால் லா சோப்பா எஸ்தா ஃப்ரீயா. 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால், 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்ற விதி பெரும்பாலும் சரி. ஆனால் கை, லா மானோ. நாள், எல் தீயா. வரைபடம், எல் மாப்பா. அன்றாடம் வாயில் வரும் சொற்களே விதியை மீறுவதால், புதுச்சொல்லை நோட்டில் தனியாக எழுதாதீர்கள். மானோ என்று எழுதாமல், முதல் நாளிலேயே லா மானோ என்று எழுதி, வாய்விட்டும் சொல்லுங்கள்.